வலித்தலும் வலியும்: பற்கம்பி மருத்துவத்தின் ஏடுகளில் பிள்ளைகளின் சொல்

பல்லில் கம்பி கட்டப்படும் அந்த நாற்காலியில் வலி பெரிதாக இருப்பதில்லை. சில மணி நேரம் கழித்தே அது தொடங்குகிறது. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. மூன்றாம் நாளிலிருந்து தணிந்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு மறைந்துவிடுகிறது. மருத்துவரை மறுபடி பார்ப்பதோ நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து. அப்போது பிள்ளைக்கு வலி இல்லை. கம்பி முறுக்கப்பட்டோ மாற்றப்பட்டோ வீடு திரும்பிய இரவில் அது மீண்டும் வருகிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீளும் இச்சிகிச்சையில் வலியும் மருத்துவரும் ஒரே அறையில் சந்தித்துக்கொள்வது அரிது. பற்சீரமைப்பு மருத்துவத்தின் ஆவணங்களில் பதின்பருவத்தினரின் வலி ஏன் அவ்வளவு தாமதமாக இடம்பெற்றது என்னும் கேள்விக்கு இந்தக் கால அட்டவணையே பாதி விடை என்று கருதுகிறேன். மறுபாதி மொழியில் இருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையுள்ளோர் படிக்கலாம்.

முதலில் ஒரு சொல். தமிழில் ‘வலித்தல்’ என்னும் வினைக்கு இழுத்தல் என்றும் பொருள் உண்டு. துடுப்பு வலித்தல், வலை வலித்தல் என்னும் வழக்குகள் கடற்கரையில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ‘வலி’ என்றால் ஆற்றல் என்பது பழைய பொருள். வள்ளுவரின் வலியறிதல் அதிகாரம் பேசுவது நோவைப் பற்றியன்று, வலிமையைப் பற்றி. இழுப்பு, ஆற்றல், நோவு என்னும் மூன்றும் ஒரே வடிவத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது வேர்ச்சொல் ஆய்வாளரின் வேலை. அதற்குள் நான் இங்கு இறங்கவில்லை. ஆனால் பற்கம்பியின் வரலாற்றை எழுத இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் வாய்க்குமா என்பது ஐயமே. அம்மருத்துவம் முதலில் ஆற்றலை அளந்தது, பிறகு இழுப்பை அளந்தது. நோவை அளக்க வந்தது கடைசியில்.

பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட பல்மருத்துவ நூலில், வரிசை தப்பிய பற்களை நேராக்க உலோகப் பட்டை ஒன்றையும் அதில் நூலால் பற்களைக் கட்டும் முறையையும் விவரித்திருக்கிறார். பொறுமையில்லாத இடத்தில் பல் பிடுங்கும் குறட்டினாலேயே பல்லை அசைத்துத் திருப்பிப் பக்கத்துப் பற்களோடு கட்டிவிடும் வழியும் அவரிடம் இருந்தது. மயக்க மருந்து இல்லாத காலம். அந்த வாய்க்குரியவர் என்ன சொன்னார் என்று தேடுவதில் பயனில்லை.

வலி ஒரு கோட்பாட்டுக்குள் நுழைவது அமெரிக்கர் ஜான் நட்டிங் ஃபாரரிடம். திருகாணி கொண்டு பல்லை நகர்த்திய அவர், 1870களில் எழுதிய கட்டுரைகளில் ஓர் எல்லையை வகுத்தார்: காலையில் அங்குலத்தின் 240இல் ஒரு பங்கு, மாலையில் அதே அளவு. அந்த அளவுக்குள் நின்றால் திசு தன் இயல்பில் இயங்கும், வலி தோன்றாது. எல்லையைக் கடந்தால் வலியும் நோயும் தொடங்கும். 240இல் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். இந்த நுணுக்கம் வியப்பூட்டுகிறது. ஆயினும் வலிக்கு அவர் கொடுத்த வேலையைக் கவனிக்க வேண்டும். கொதிகலனின் அழுத்தமானி எஞ்சினியருக்கு என்னவோ, அதுதான் ஃபாரருக்கு நோயாளியின் வலி. திருகுபவரின் கை தவறியதைக் காட்டும் முள். பிள்ளையின் இரவோ, அவள் உண்ண முடியாமல் விட்ட உணவோ அந்தக் கணக்கில் இல்லை.

எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பற்பொருத்தக் குறைபாடுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். 1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சங்கமும் அமைந்தது. இன்று உலகெங்கும் பல்லில் ஒட்டப்படும் பிராக்கெட்டுகளின் மூதாதை, அவர் 1920களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்திய எட்ஜ்வைஸ் கருவி. அவருடைய வகைப்பாடு முழுவதும் பற்களின் உறவைப் பற்றியது. மேல் கடைவாய்ப்பல் கீழ்க் கடைவாய்ப்பல்லோடு எங்கே பொருந்துகிறது என்பதே அதன் அச்சாணி. இலக்கணம் எழுதியவர் பேசுபவரை மறந்துவிடுவது மொழியியலிலும் நடந்ததுதான் என்பதால், ஆங்கிளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஆய்வு நுண்ணோக்கிக்குள் சென்றது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாயின் பற்களை நகர்த்தி, அழுத்தப்பட்ட பக்கத்தில் எலும்பு கரைவதையும் இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு படிவதையும் கண்டார். 1904, 1905ஆம் ஆண்டுகளில் அவருடைய முடிவுகள் வெளிவந்தன. மிகை அழுத்தத்தில் பல்லைச் சூழ்ந்த இணைப்புத் திசு இரத்த ஓட்டம் இழந்து கண்ணாடிபோல் ஆகிவிடுவதையும் அவரே காட்டினார். 1932இல் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் அதற்கு ஓர் எண் தந்தார்: சதுர செண்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம், நுண்குழல்களின் இரத்த அழுத்தத்தை மிஞ்சாத விசை. ஃபாரருக்கு வலி காட்டிய எல்லையை இனி இரத்தக்குழலின் அழுத்தம் காட்டியது. நோயாளியைக் கேட்க வேண்டிய தேவை அத்தோடு இன்னும் ஒரு படி குறைந்தது. விசை சரியாக இருந்தால் வலி தானே குறையும் என்னும் நம்பிக்கை அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டது.

அந்த நம்பிக்கை நல்ல பொருள்களையும் தந்தது என்பதை மறுக்கக் கூடாது. பொன்கலப்புக் கம்பிகளின் இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வந்தது. 1971இல் அயோவாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்ட்ரியாசன், நிட்டினால் என்னும் உலோகக் கலவையைப் பல் வரிசைக்குள் கொண்டுவந்தார். அப்பெயரிலேயே அதன் பிறப்பிடம் இருக்கிறது: நிக்கல், டைட்டேனியம், அமெரிக்கக் கடற்படையின் நேவல் ஆர்ட்னன்ஸ் லேபரட்டரி. கடற்படை ஆய்வகத்தில் பிறந்த கம்பி பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் மென்மையாக இழுக்கத் தொடங்கியது. மென்மையாக இழுத்தால் மெல்ல வலிக்குமா?

1985இல் ஜோன்ஸும் ரிச்மண்டும் இக்கேள்வியை நேரடியாகச் சோதித்தார்கள். தொடக்க விசைக்கும் பல் நகர்ந்த அளவுக்கும் நோயாளி சொன்ன வலிக்கும் இடையே தெளிவான தொடர்பு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1992இல் ஜோன்ஸும் சானும் இரு வகைத் தொடக்கக் கம்பிகளை ஒப்பிட்டபோதும் வலியில் வேறுபாடு தென்படவில்லை. அவ்வாய்வின் இன்னொரு முடிவு என்னை நெடுநேரம் நிறுத்தியது: கம்பி கட்டிய பின் வரும் வலி, அதே நோயாளிகள் பல் பிடுங்கியபின் பட்ட வலியைவிடக் கூடுதலாகவும் நீடித்ததாகவும் பதிவாகியிருந்தது. பல் பிடுங்குவதற்கு மரத்துப்போக ஊசி போடுகிறோம், வீட்டில் ஒரு நாள் ஓய்வு தருகிறோம். கம்பி முறுக்கிய மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

விசையின் மூலம் வலியை அறியலாம் என்னும் வழி இவ்வாறு அடைபட்டபின், கேட்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. 1980களிலிருந்து ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கையில் நாட்குறிப்புத் தாள்களைக் கொடுத்தனுப்பினார்கள். 1989இல் இங்கன், கெஸ், வில்சன் மூவரும், 1996இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் ஷாயரரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வகையில் முதன்மையானவை. பெர்ன் ஆய்வின் 170 பேரில் 95 விழுக்காட்டினர் 24 மணி நேரத்தில் வலியைத் தெரிவித்தார்கள். ஏழாம் நாளிலும் நாலில் ஒரு பங்கினருக்கு அது எஞ்சியிருந்தது. மருத்துவர் இல்லாத வீட்டில், மருத்துவர் இல்லாத வேளையில், வலிப்பவரே எழுதிய முதல் ஏடுகள் இவை. பதிவின் தொடக்கத்தில் நான் சொன்ன கால அட்டவணை நமக்குத் தெரிந்ததே இவற்றால்தான்.

அதற்கான காரணம் உடலியலில் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. பல் அழுத்தப்படும் இடத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. அதே பொருள்களே எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிப் பல்லை நகரவும் வைக்கின்றன. ஆஸ்பிரின் இச்சுரப்பைத் தடுப்பதை 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆகவே, இச்சுரப்பைத் தடுக்கும் மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் பல் நகர்வதும் மந்தமாகலாம் என்னும் தயக்கத்தில் பல மருத்துவர்கள் பாராசிட்டமாலையே விரும்புகிறார்கள். வலித்தலும் வலியும் ஒரே வேதிப்பொருளின் இரு வேலைகள் என்பது அகராதிக்காரரையும் மகிழ்விக்கும்.

இனி மொழிக்கு வருகிறேன். அந்த நாட்குறிப்புத் தாள்களில் என்ன இருந்தது? பெரும்பாலானவற்றில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. ஒரு முனையில் வலியே இல்லை, மறுமுனையில் தாங்கவொண்ணா வலி; இடையில் ஒரு குறி இட வேண்டும். இவ்வகைக் கோட்டின் மூதாதை 1921இல் ஹேய்ஸும் பேட்டர்சனும் வெளியிட்ட தரவரிசைக் கோடு. மேற்பார்வையாளர்கள் தொழிலாளர்களை மதிப்பிட அது உருவாக்கப்பட்டது. 1970களில் ஹஸ்கிசன் முதலியோர் வழியே அது வலிக்கு வந்தது. சொல் தெரியாதவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் பலம். எவ்வளவு என்று மட்டுமே அதற்குக் கேட்கத் தெரியும் என்பது அதன் வறுமை.

எப்படி என்று கேட்டவர்கள் மாண்ட்ரியாலில் இருந்தார்கள். 1971இல் ரொனால்ட் மெல்சாக்கும் வாரன் டோர்கெர்சனும் வலியைக் குறிக்கும் 102 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, புலன் சார்ந்தவை, உணர்ச்சி சார்ந்தவை, மதிப்பீடு சார்ந்தவை என மூன்றாக வகுத்தார்கள். 1975இல் அது 20 தொகுதிகளில் 78 சொற்கள் கொண்ட மெக்கில் வலி வினாநிரலாக முழுமை பெற்றது. சொற்பொருளியல் படித்த எவரும் இக்கட்டுரைகளைத் தவறவிடக் கூடாது. ஒரு சொற்புலம் மருத்துவக் கருவியாக மாறிய அரிய தருணம் அது. பின்னால் வந்தவர்களில் ஃபின்னியர்கள் அறிவோடு நடந்தார்கள். 78 சொற்களையும் பெயர்ப்பதை விட்டு, 1981இல் தம் மொழியின் வலிச்சொற்களையே திரட்டி ஒரு வினாநிரலை அமைத்தார்கள். தாய்லாந்து மொழியின் வலிச்சொற்களை ஆராய்ந்த ஆண்டனி டில்லரின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையும், வலியின் இலக்கணத்தைப் பற்றி ஹாலிடே 1998இல் எழுதியதும் இதன் காரணத்தை விளக்கும். ஆங்கிலம் வலியை உடைமையாக, எண்ணத்தக்க பெயராக ஆக்க விரும்புகிறது. எல்லா மொழியும் அப்படி விரும்புவதில்லை.

தமிழை எடுத்துக்கொள்வோம். ‘எனக்குப் பல் வலிக்கிறது.’ நான்காம் வேற்றுமையில் ஒருவர், எழுவாயாகப் பல், தன்வினை. வலிப்பது பல், வலி வந்து சேர்வது எனக்கு. பெயர்க்கப்பட்ட படிவங்களில் இவ்விடத்தில் ‘நீங்கள் எவ்வளவு வலியை உணர்கிறீர்கள்’ என்று அச்சாகிறது. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் எந்தத் தாயிடமும் இப்படிப் பேசியதில்லை. நம் வலிச்சொற்களின் செழிப்போ வேறிடத்தில் இருக்கிறது. கடுப்பு, குடைச்சல், குத்தல், உளைச்சல், எரிச்சல், நோவு. பல் விண்விண்ணென்று தெறிக்கிறது, சுள்ளென்று இழுக்கிறது. இந்த ஒலிக்குறிப்புச் சொற்கள் வலியின் தாளத்தையே நடித்துக் காட்டுகின்றன. விட்டுவிட்டு வருவதா, இடைவிடாது நிற்பதா என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே சொல்லில் சொல்லிவிடும். 100 மில்லிமீட்டர்க் கோட்டில் அதற்கு இடமில்லை.

‘கூச்சம்’ என்னும் சொல் இதைவிடச் சிக்கலானது. பல் கூசுகிறது என்றால் குளிர்ந்தது பட்டதும் சிலிர்க்கும் நோவு. பிள்ளை கூச்சப்படுகிறது என்றால் நாலு பேர் முன் வாய் திறக்கத் தயங்குகிறது. கம்பி கட்டிய பிள்ளைக்கு இரண்டும் ஒரே வாயில், ஒரே வாரத்தில் நேர்கின்றன. வாழ்க்கைத்தர வினாநிரல்கள் முதலாவதை வாயின் அறிகுறி என்னும் பிரிவிலும், இரண்டாவதை உணர்வுநலம் என்னும் பிரிவிலும் வைத்துத் தனித்தனியாகக் கூட்டுகின்றன. ‘சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது’ என்று தமிழ்ப் பிள்ளை சொன்னால் அது எந்தப் பிரிவுக்குப் போகும்?

அந்த வினாநிரல்களின் வரலாறும் சுருக்கமாகத் தேவை. வாய்நலம் வாழ்க்கைத்தரத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு டேவிட் லாக்கர் 1988இல் ஒரு கருத்துருவை அளித்தார். அதை வைத்து 1994இல் அடிலெய்டில் ஸ்லேடும் ஸ்பென்சரும் 49 வினாக்கள் கொண்ட நிரலை அமைத்தார்கள். 1997இல் அது 14ஆகச் சுருங்கியது. மனத்தில் இருந்தவர்கள் முதியோர். பொய்ப்பல் பற்றிய வினாக்கள்கூட நீண்ட வடிவத்தில் உண்டு. அதே கருவியைப் பதின்பருவத்தினரிடம் நீட்டிய ஆய்வுகள் கொஞ்சமல்ல. 2002இல் டொராண்டோவில் யோகோவிச்சும் லாக்கரும் பிறரும் 11 முதல் 14 வயதினருக்கெனவே 37 வினாக்கள் கொண்ட ஒன்றை உருவாக்கியது பெரிய முன்னேற்றம். பிள்ளையைப் பிள்ளையாகக் கேட்ட கருவி அது. எனினும் அதன் ஒவ்வொரு வினாவும் கடந்த மூன்று மாதங்களைப் பற்றியது. ஏழு நாளில் எழுந்து அடங்கும் வலியை மூன்று மாதச் சராசரியாக நினைவுகூரச் சொல்வது, ஐப்பசி மழையை ஆண்டுக் கணக்கில் வகுப்பதற்கு ஒப்பானது. கம்பி கட்டிய முதல் மாதங்களில் வாய் அறிகுறிகளும் உண்ணுதல், பேசுதல் முதலிய செயல்தடைகளும் கூடுகின்றன, சிகிச்சை முடிந்தபின் வாழ்க்கைத்தரம் முன்னிருந்ததைவிட உயர்கிறது என்று திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு உண்மையே. ஆனால் வளைவின் இரு முனைகளைக் காட்டி நடுவிலிருக்கும் இரவுகளைத் தள்ளுபடி செய்ய அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை.

வேறொரு வழி இருந்தது. அது நமக்கு மிக அருகிலேயே இருந்தது. 1990களில் உலக நலவாழ்வு நிறுவனம் தன் வாழ்க்கைத்தர வினாநிரலை ஒரு மொழியில் எழுதிப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கவில்லை. 15 மையங்களில், அந்தந்த மொழியினரின் கலந்துரையாடல்களிலிருந்து ஒரே நேரத்தில் வளர்த்தது. அவற்றுள் இரண்டு இந்திய மையங்கள்: சென்னையும் புதுதில்லியும். தமிழர்களின் சொற்கள் ஓர் உலகக் கருவியின் மூலப்பொருளாயின என்பதை மொழியியல் மாணவர்கள்கூட அதிகம் அறிந்திருக்கவில்லை. பற்சீரமைப்பில் இதை ஒத்த முயற்சி பிரிட்டனில் நடந்தது: இளையோரை அமர்த்திப் பேசவைத்து, அவர்களுடைய சொற்களிலிருந்தே கட்டப்பட்ட வினாநிரல் 2016இல் வெளிவந்தது.

இந்தியாவில் பல்மருத்துவக் கல்விக்கு வயது குறைவில்லை. ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல்மருத்துவர் சட்டம் வந்தது. 1965இல் பற்சீரமைப்பு மருத்துவர்களின் அனைத்திந்தியச் சங்கம் அமைந்தது. இவ்வலியின் காரணங்களையும் தீர்வுகளையும் தொகுத்து 2007இல் ஐரோப்பிய இதழில் வெளிவந்து இன்றும் பரவலாக எடுத்தாளப்படும் கட்டுரையை எழுதியவர் இந்தியரான வினோத் கிருஷ்ணன். ஆனால் நம் வீடுகளில் கம்பியைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் இடையே நடக்கிறது. பணம் கட்டுபவர் பெற்றோர். கல்யாணப் பேச்சை மனத்தில் வைத்து மகளுக்குக் ‘கிளிப்’ போட முடிவெடுப்பவரும் அவர்களே. பிள்ளைக்கும் அதில் விருப்பம் இருக்கலாம். எத்துப்பல் என்று வகுப்பில் பெயர் வாங்கிய பிள்ளை எவ்வளவு வலியையும் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமையை வலியின்மை என்று படிவம் நிரப்புவோர் எடுத்துக்கொள்கிறார்கள். டொராண்டோ குழுவினர் 2003இல் பெற்றோருக்கெனத் தனி வினாநிரல் ஒன்றை வெளியிட்டு, அதில் ‘தெரியாது’ என்னும் விடைக்கும் இடம் வைத்தார்கள். அந்தக் கட்டத்தில் குறியிடும் பெற்றோரை நான் மதிக்கிறேன்.

பதின்பருவம் இதில் தனி இடம் பெறுவதற்குச் சான்று உண்டு. 1991இல் பிரவுனும் மோரன்ஹவுட்டும் சிறுவர், பதின்பருவத்தினர், வளர்ந்தோர் என மூன்று தரப்பினரை ஒப்பிட்டபோது, கூடுதல் வலியையும் குறைந்த மனநலத்தையும் தெரிவித்தவர்கள் நடுத்தரப்பினரே. வலிக்கான உலக ஆய்வாளர் சங்கம் 1979இல் வகுத்த வரையறை நோவை அதன் விவரிப்போடு பிணைத்திருந்தது. 2020இல் திருத்தியபோது, சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் நடத்தைகளுள் ஒன்று மட்டுமே என்று குறிப்பு சேர்த்தது. பதினான்கு வயதில் உணவுத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ‘பசிக்கலை’ என்பதும் அவ்வகை நடத்தைதான்.

2005இல் பார்ட்லெட்டும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனையோடு நிறுத்துகிறேன். கம்பி கட்டி வீடு சென்ற நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரை மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, வலி எப்படி இருக்கும், என்ன செய்யலாம் என்று முறையாக விளக்கினார்கள். இரண்டாம் குழுவினரை அழைத்துச் சும்மா நலம் விசாரித்தார்கள். மூன்றாம் குழுவினருக்கு அழைப்பே இல்லை. அழைக்கப்பட்ட இரு குழுவினரும் அழைக்கப்படாதவர்களைவிடக் குறைந்த வலியையும் குறைந்த பதற்றத்தையும் தெரிவித்தார்கள். முறையான விளக்கத்துக்கும் வெறும் விசாரிப்புக்கும் இடையே வேறுபாடு இல்லை.